மூளையின் ரசாயனம் வற்றிவிட்டதா?

திருப்பூரிலிருந்து 43 வயதுப் பெண்மணி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அவர் மூத்த மெர்ச்சண்டைசர். சாம்பிளுக்கும் லேப் டிப்புக்கும் (சாயமிட்ட சிறு துணி மாதிரி) ஒப்புதல் வாங்குவது முதல் ஷிப்மென்ட் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் அவர் தலையில்தான். ஒன்றரை ஆண்டுக்கு முன் அவருடைய தந்தைக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து தந்தை இவர் வீட்டில்தான் இருக்கிறார். அமெரிக்க பையரின் (துணி வாங்கும் நிறுவனத்தாரின்) இரவு நேர வீடியோ அழைப்பை முடித்து, தந்தைக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கும்போது மணி பன்னிரண்டாகிறது. மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூக்கம் இல்லை.

“பத்து வருடமாக எனக்கு மனப்பாடமாக இருந்த துணிக்கு, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று எழுதுவதற்குப் பதில் 160 என்று எழுதி ஆர்டர் போட்டுவிட்டேன். நிட்டிங் யூனிட்காரர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் தப்பித்தேன். பையர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் வாய் வருவதில்லை” என்று எழுதுகிறார். தானாகவே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனின், அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இரண்டையும் பார்த்திருக்கிறார். இரண்டுமே குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. கோவையில் ஒரு மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். குமட்டலும் படபடப்பும் அதிகமானதால் ஆறே நாளில் இவர் அதை நிறுத்திவிட்டார். மருந்துக் கடை வைத்திருக்கும் கொழுந்தனார் தந்த அல்பிரசோலாம் என்ற தூக்க, பதற்ற மாத்திரை மட்டும் எட்டு மாதமாகத் தொடர்கிறது. “ஸ்ட்ரெஸ்ஸால் என் மூளையின் ரசாயன டேங்க் காலியாகிவிட்டதா? இது நிரந்தரச் சேதமா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கவா? ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடுமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை மட்டும் வைத்து நோயை நிர்ணயிப்பது முறையல்ல. நீங்கள் விவரித்திருப்பது மனச்சோர்வு நோயா, பதற்ற நோயா, நீண்ட நெருக்கடியின் களைப்பா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வேராக இருக்கும் அந்த ‘காலி டேங்க்’ எண்ணத்தை இங்கேயே களைய முடியும். மன அழுத்தத்தால் மூளையின் வேதிப்பொருள்கள் வற்றிப் போவதில்லை. அவை எப்போது, எங்கே, எவ்வளவு வேகமாகச் சுரக்கின்றன என்பதும், அவற்றைப் பெற்றுக்கொள்ளும் நரம்பணுக்கள் அவற்றுக்கு எப்படி எதிர்வினை ஆற்றுகின்றன என்பதுமே மாறுகின்றன. சொல்லப்போனால் உங்கள் அவஸ்தையில் பெரும்பகுதி சில பொருள்கள் குறைந்ததால் வந்ததல்ல, சில வேளைகளில் அவை மிகுந்ததால் வருவது.

பையர் திடீரென ஒரு கேள்வி கேட்டதும் உங்கள் வாய் அடைத்துப்போகும் அந்தக் கணத்தையே எடுத்துக்கொள்வோம். மூளைத் தண்டில் நீலம் படர்ந்த மிகச் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் சில பத்தாயிரந்தான். ஆனாலும் அவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவி, விழிப்பூட்டும் வேதிப்பொருளான நோர்அட்ரினலினைச் சுரக்கின்றன. ஆபத்து என்று உணர்ந்த நொடியிலேயே அது முடுக்கிவிடப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் எண்களை மனத்தில் நிறுத்திவைத்து, ஒப்பிட்டு, வார்த்தையைத் தேர்ந்து பேசவைக்கும் பகுதி. அங்கே நோர்அட்ரினலின் மிதமாக இருக்கும்போது ஆல்ஃபா-2ஏ என்னும் ஏற்பியை (வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் நரம்பணுவின் பகுதி) பற்றிக்கொண்டு அந்த வேலையைக் கூர்மையாக்குகிறது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும், அது இதனால்தான். அளவு மிகும்போது, அதே நோர்அட்ரினலின் ஆல்ஃபா-1 என்னும் வேறோர் ஏற்பியைத் தூண்டுகிறது. உடனே முன்மூளை அணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் தளர்கின்றன. அந்தப் பகுதி சற்று நேரம் செயலொடுங்கி, பழக்கத்தாலும் அச்சத்தாலும் இயங்கும் உட்பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக விளக்கிவரும் பொறிமுறை இது. பதில் உங்கள் மூளையில் இருந்தது. அதை எடுத்துத் தரும் பகுதிதான் அந்த நிமிடத்தில் வேலை செய்யவில்லை. அழைப்பு முடிந்து பத்து நிமிடத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது சேதமடைந்த மூளையின் அடையாளம் அல்ல.

நொடிகளில் நடக்கும் இந்த ஓட்டத்துக்குப் பின்னால், நிமிடக் கணக்கில் மற்றொன்று தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் சொல்லியனுப்பி, சுமார் இருபது முப்பது நிமிடத்தில் ரத்தத்தில் கார்ட்டிசால் உச்சத்தை அடைகிறது. கார்ட்டிசால் மூளைக்குள் தடையின்றி நுழையும். நரம்பணுவின் உட்கருவரை போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றும். அதனால்தான் அதன் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கிறது. “போதும், நிறுத்து” என்று ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிப்பதும் அதே கார்ட்டிசால்தான். அன்றாட நெருக்கடி ஒன்று வந்து போகும்போது இந்த நிறுத்தம் ஒழுங்காக நடக்கிறது. நெருக்கடி ஒன்றரை ஆண்டு ஓயாமல் இருக்கும்போது நிறுத்தும் ஏற்பாடு மந்தமாகிறது.

அப்போது மாற்றம் சுரப்போடு நிற்பதில்லை, நரம்பணுக்களின் உருவத்தையும் தொடுகிறது. இதைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் சில நம் நாட்டிலேயே நடந்தவை. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளைப் பத்து நாள் தொடர் நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ கிளைகள் செழித்து வளர்ந்தன. நெருக்கடி நின்று 21 நாள் ஆன பிறகு, ஹிப்போகாம்பஸ் ஏறக்குறையப் பழையபடி திரும்பியிருந்தது. அமிக்டலா திரும்பவில்லை என்று அதே குழு பின்னர் கண்டது. எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனாலும் என் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது: சூழ்நிலை சீரடைந்ததும் மறதி முதலில் விலகும், போன் அடித்தால் நெஞ்சு திடுக்கிடுவது மட்டும் மேலும் சில மாதம் கூடவே வரும். அது மீதமிருப்பதைக் கண்டு ‘இன்னும் குணமாகவில்லை’ என்று கலங்கிவிடாதீர்கள்.

நிரந்தரச் சேதமா என்ற கேள்விக்கு மனிதரிடமே கிடைத்த சான்று ஒன்றும் உண்டு. நியூயார்க்கில் பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் தயாரித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை லிஸ்டன், மக்யூவன், கேசி ஆகியோர் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அழுத்தத்தில் இருந்த மாணவர்களுக்குக் கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறன் குறைந்திருந்தது. முன்மூளைப் புறணியின் தொடர்புகளும் குலைந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பின் இரண்டும் சீராகியிருந்தன. அவர்கள் இளைஞர்கள், ஒரே மாத நெருக்கடி. உங்களுடையது நீண்டது, வயதும் கூடுதல். எனவே அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் திசை அதுதான்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி

நீங்கள் செலவழித்த பணத்துக்காக வருந்துகிறேன். உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவது. ரத்தத்தில் அளக்கப்படுவது பெரும்பாலும் ரத்தத் தட்டணுக்கள் சேமித்து வைத்திருப்பது. மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பைச் செரட்டோனின் கடக்காது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே ரத்தத்தில் எந்த எண் வந்தாலும் அது மூளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சில அபூர்வக் குடல் கட்டிகளைக் கண்டறியத்தான் மருத்துவர்கள் அந்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்.

கார்ட்டிசால் அறிக்கையில் உள்ள பிழை வேறு மாதிரியானது. ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.30 என்று அதில் இருக்கிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகோலோ காலை 8 மணிக்கு உரியது. கார்ட்டிசால் விழித்தெழுந்த அரைமணி, முக்கால் மணியில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவு நெருங்கும்போது அடிமட்டத்துக்கு இறங்குவது. மாலையில் 5.1 என்பது இயல்பான எண். ‘அட்ரினல் களைத்துவிட்டது’ என்று உங்களிடம் சொன்னார்களே, அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்பதில்லை. அட்ரினல் உண்மையாகவே செயலிழக்கும் அடிசன் நோயில் எடை குறையும், தோல் கறுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அதற்குக் காலை ரத்தமும் தனித் தூண்டல் பரிசோதனையும் வேண்டும். அவர்கள் விற்ற அஸ்வகந்தா மாத்திரைகளையும் நிறுத்தி வையுங்கள். இயற்கை மருந்துதானே என்று நினைக்கலாம். கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன, தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் இவற்றைவிட மலிவானவை: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நாற்பதுகளில் ஹார்மோன் மாற்றமே தூக்கத்தையும் நினைவையும் குலைக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறு நாளில் நிறுத்திய மருந்து

‘செரட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு, மாத்திரை அதை நிரப்புகிறது’ என்று பல ஆண்டுகள் மருத்துவர்களே எளிமைப்படுத்திச் சொல்லிவந்தார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வுத் தொகுப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் மருந்தே பொய்யா என்று கேட்கிறீர்கள். காரணம் பற்றிய கேள்வி வேறு, மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வி வேறு. 2018-இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பு 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை ஆராய்ந்தது. எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் சராசரியாக மிதமானதுதான். எனவே அதை அற்புதமாக எண்ணவும் வேண்டாம், ஏமாற்றாக எண்ணவும் வேண்டாம்.

எஸ்சிட்டலோபிராம் உட்கொண்ட சில மணி நேரத்திலேயே, சுரந்த செரட்டோனினை நரம்பணு திரும்ப உறிஞ்சுவது தடைபடுகிறது. அந்த மிகுதியை உணரும் நரம்பணு முதலில் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளரவும், இணைப்புகள் மெல்ல மாறவும் வாரங்கள் ஆகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பலன் இரண்டு முதல் ஆறு வாரத்தில் தெரியும். குமட்டலும் படபடப்பும் முதல் ஓரிரு வாரத்திலேயே வந்து பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். ஆறாம் நாளில் நிறுத்தியதால், தொல்லை முழுவதையும் அனுபவித்துவிட்டுப் பலன் வருமுன் விலகிவிட்டீர்கள். 5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக உயர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல்முறை நோய் வந்தவர்களுக்கு, குணமான பிறகு வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். ஆயுள் முழுக்க என்பது பொதுவிதி அல்ல. பாலுறவு விருப்பம் குறைதல், திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் ஆகியவை உண்மையான பக்க விளைவுகள். அவற்றை முன்கூட்டியே பேசுங்கள். மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தால், நடத்தைசார் அறிவாற்றல் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) இலேசான, நடுத்தர நிலைகளில் அதற்கு நிகரான வழி. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு மாதம் ஒதுக்க முடிந்தால், நான் அதை உங்களுக்கு முதலில் பரிந்துரைத்திருப்பேன். உங்கள் தூக்கம் இவ்வளவு குலைந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே தேவைப்படலாம்.

ஒரே வரியில் சொல்லிப்போன மாத்திரை

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த வரி செரட்டோனினைப் பற்றியதல்ல. “தூக்கத்துக்கு 0.25 அல்பிரசோலாம் போட்டேன், இப்போது 0.5, சில நாள் பகலிலும் ஒன்று” என்கிறீர்களே, அதுதான். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் விளைவை அந்த மாத்திரை கூட்டுகிறது. சில வாரத்திலேயே ஏற்பிகள் அதற்குப் பழகி, அதே அமைதிக்குக் கூடுதல் அளவு கேட்கின்றன. நீங்கள் இரட்டிப்பாக்கியது அதனால்தான். புதிய செய்திகளை நினைவில் பதியவிடாமல் செய்வதும் இந்த மருந்தின் இயல்பு. 160, 180 குழப்பத்தில் மன அழுத்தத்தின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்காமலே மூளை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் வரும்; வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவாகக் குறைத்துக்கொண்டே வருவதுதான் பத்திரமான முறை. அதுவரை பகல் மாத்திரை போட்ட நாளில் வண்டி ஓட்டாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். இது அட்டவணை எச்1-இல் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கொழுந்தனார் பாசத்தில்தான் கொடுத்தார். ஆனால் அவருடைய உரிமத்துக்கும் இது ஆபத்து என்பதை அவர் அறிந்திருப்பார்.

வேலையும் ரகசியமும்

நான் வழக்கறிஞர் அல்ல. என் தொழிலைத் தொடும் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவின்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் ஒப்புதலின்றி நிறுவனத்திடம் சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நீங்களாக நிறுவனத்திடம் அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் வெளிநோயாளர் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. புதிய பாலிசி எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு உண்மையை மறைத்தால், பிற்பாடு கோரிக்கை மறுக்கப்படலாம். இதை எடை போட்டுப் பாருங்கள். இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தனியார் துறையில் வேலைப் பாதுகாப்பு சட்டத்தில் உள்ள அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பதால், மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல், வேலை நேரத்தைப் பற்றி மட்டும் பேசுவது நல்லது என்பது என் கருத்து.

வேலை நேரம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மேயர் குழுவின் சோதனைகளில், ஒரே அளவு அதிர்ச்சி பெற்ற இரு எலிகளில் ஒன்றுக்கு மட்டும் அதை நிறுத்தும் வழி கொடுக்கப்பட்டது. வழியற்ற எலியின் மூளைத் தண்டில் செரட்டோனின் அணுக்கள் பொங்கியெழுந்தன. வழி உள்ள எலியில் முன்மூளைப் புறணி அவற்றை அடக்கியது. நெருக்கடியின் அளவைக் காட்டிலும், அது நம் கையில் இருக்கிறதா என்பதைத்தான் மூளை பெரிதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே யோகா வகுப்பு, டயரி, நடைப்பயிற்சி என்று பத்துத் திட்டம் போடுவதைவிட, இரண்டே காரியத்தை உங்கள் கைக்குள் கொண்டுவர முயலுங்கள். இரவு அழைப்பை வாரத்தில் இரண்டு நாள் இளைய மெர்ச்சண்டைசரிடம் ஒப்படையுங்கள். தந்தையின் இரவு மருந்துப் பொறுப்பை, அந்த இரண்டு நாளாவது, கணவரிடம் விடுங்கள். அவர் மறுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டதாகவும் எழுதவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் டீயை நிறுத்துங்கள். அதிலுள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில், அடித்து எழுதிய ஒரு வரியும் படிக்க முடிந்தது: “அப்படியே தூங்கிப்போய்விட்டால் நிம்மதி.” களைப்பில் வந்த வார்த்தையாக இருக்கலாம். ஆனால் சாவது பற்றிய எண்ணம் அடிக்கடி வருகிறதா, வழி யோசித்ததுண்டா என்று உங்களை நேரில் பார்த்தால் நான் முதலில் கேட்டிருப்பேன். ஆம் என்றால், அடுத்த வாரத்துக்குக் காத்திராமல் இன்றே கணவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் மீதமுள்ள அல்பிரசோலாம் அட்டைகளைக் கணவரிடம் கொடுத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவை மருத்துவரிடமே திரும்பப் போங்கள். பாதியில் நிறுத்தியதற்காகக் கோபிப்பார் என்ற தயக்கம் வேண்டாம், எங்களிடம் வருபவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எத்தனை அல்பிரசோலாம் என்பதை ஒரு தாளில் எழுதி, காலி அட்டை ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செரட்டோனின் அறிக்கையை எடுத்துப் போக வேண்டியதில்லை.